பின்கண்ணாடியில் ஒரு சிவப்பு நூல்

எங்கள் காரின் பின்கண்ணாடியில் விரல் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று ஒட்டியிருக்கிறது. மேல் நுனி டேப்பில் சிக்கியிருக்க, மீதி தொங்குகிறது. வெயிலில் நிறம் வெளிறிவிட்டது. ஆனாலும் நாங்குநேரிச் சாலையில் வேகம் பிடித்தால் துடிக்க ஆரம்பித்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஒட்டியவள் என் மதினி, அண்ணன் மனைவி. விமானப் பொறியியல் படித்தவள். ஒரு விமானத்தைச் செய்வதற்கு முன்பே, அதன் மேல் காற்று எப்படி ஓடும் என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை எழுதுவது அவள் வேலை. பெங்களூரில் ஒரு நிறுவனத்துக்காக அதை வரி வரியாக எழுதியவள் மதினிதான். ஊரடங்கு வந்தபோது தச்சநல்லூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து வேலை பார்த்தாள்.

அங்கேதான் தகராறு ஆரம்பித்தது. சில வடிவங்களின் பின்பக்கத்தில் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்து சுழலுமாம். அந்த இடம் வந்தால் அவள் புரோகிராம் காட்டும் கோடு ஒரு நிலைக்கு வராமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மேலாளருக்குப் பிடிக்கவில்லை. பிழை உன் கணக்கில்தான், கோட்டை நேராக்கு, ஆடுகிற கோட்டைக் காட்டினால் யார் வாங்குவார்கள் என்றார். உள்ளே ஒரு சின்ன எண்ணைச் சேர்த்தால் ஆட்டம் அமுங்கிவிடும். கோடு சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும், படமும் அழகாக வரும். மதினி மாட்டேன் என்றாள்.

"என் புரோகிராம் நடுங்குதுன்னு சொல்லுதாரு. நடுங்குதது காத்து. அதை நான் எப்படி மறைக்க?"

நிரூபிக்க அவளுக்குக் கிடைத்தது எங்கள் பழைய கார். அதன் வடிவத்தை அளந்து கணக்கில் ஏற்றினாள். பிறகு கூரையிலும் பின்கண்ணாடியிலும் வரிசையாகச் சிவப்பு நூல்களை ஒட்டினாள். நான் காரை ஓட்ட, பின்னால் வரும் அண்ணனின் பைக்கில் உட்கார்ந்து அவள் படம் எடுப்பதாக ஏற்பாடு. வழியில் டீக்கடை அண்ணாச்சி காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ன தாயி, காருக்குத் திருஷ்டி கழிக்கியளோ?"

"இல்ல அண்ணாச்சி, காத்து எங்கன சுத்துதுன்னு பாக்கோம்."

"பாத்துட்டுச் சொல்லுங்க. நமக்கும் தெரியணும்லா."

கூரை நூல்கள் வாரிவிட்ட தலைமுடியாகப் படிந்து கிடந்தன. பின்கண்ணாடி நூல்களோ மேலும் கீழும் அடித்துக்கொண்டன, அவள் கணக்கு காட்டிய அதே இடத்தில். சாலையோரம் இறங்கி நின்று அவள் சின்னப் பிள்ளையாகக் குதித்தாள். அந்தப் படத்தை அன்றே மேலாளருக்கு அனுப்பினாள். காரும் விமானமும் ஒன்றல்ல என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தச் சின்ன எண்ணை அவரே சேர்த்து மென்பொருளை விற்றார். அவளை, அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கி எழுதும் வேலைக்குத் தள்ளினார். பெற்ற பிள்ளைக்கு ஆயா வேலை பார்க்கச் சொன்ன மாதிரி.

அந்த மென்பொருளை நம்பி ஒருவர் வடிவமைத்த ஆளில்லாச் சிறு விமானம், முதல் சோதனையிலேயே வால் நடுங்கித் தரையில் மோதியது. யாருக்கும் அடி இல்லை. அப்போதுதான் மதினியைக் கூப்பிட்டார்கள். அவள் அந்த எண்ணை நீக்கினாள். வால் இருந்த இடத்தில் கோடு ஆடியது.

பிறகு பெங்களூரில் ஒரு பாராட்டு விழா, நாங்கள் ஆன்லைனில் பார்த்தோம். கோளாறைக் கண்டுபிடித்ததற்காகப் பொன்னாடை மேலாளருக்கு! தன் சொந்த முயற்சி என்று சொல்லி அவர் ஒரு படத்தை ஓடவிட்டார். நாங்குநேரிச் சாலை. எங்கள் கார். ஜன்னலில் என் முழங்கை. நம்பர் பிளேட்டை மட்டும் மறைத்திருந்தார்கள். நன்றி சொன்ன பெயர்களில் மதினி இல்லை. லேப்டாப்பை அணைக்கப் போன அண்ணனை அவள் தடுத்தாள். "இருங்க, முடியட்டும். சரி பண்ணியாச்சுல்லா, இனி விழாது." மறுநாளே ராஜினாமா அனுப்பினாள். இன்று கோயம்புத்தூரில், பேர் தெரியாத ஒரு சின்ன நிறுவனத்தில், எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இருக்கும் பொறுமை எனக்கு இல்லை, வேண்டவும் வேண்டாம்.

போன வாரம் பாபநாசம் போய்வந்த சேற்றோடு காரைக் கழுவ விட்டேன். கழுவியவர் அந்த நூலைப் பிடித்து, "அக்கா, இந்த அழுக்கு நூலைப் பிச்சிரட்டுமா?" என்றார். "தொட்டேருன்னா கையை ஒடிச்சிருவேன்வே!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனார். நான் கத்த வேண்டிய ஆள் பெங்களூரில் அதே நாற்காலியில் இருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும்போது முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். விழாப் படத்தில் அவர்கள் மறைத்த அந்த நம்பர் பிளேட்டுக்கு நேர் மேலே நூல் துடித்துக்கொண்டே வந்தது.