ஓரத்தில் எழுதிய "யார் சொன்னது?"

மழைக்காலத்தில் சிவப்பு மைப் பேனா கசியும். விரலெல்லாம் பிசுபிசுப்பு. அந்த விரல்களோடுதான் பேச்சுப் போட்டித் தாள்களைத் திருத்துவேன்...

தாராவியில் தமிழ்வழிப் பள்ளி. பிள்ளைகள் எழுதிவரும் உரையில் எங்கெல்லாம் தகவல் இருக்கிறதோ, அங்கெல்லாம் ஓரத்தில் "யார் சொன்னது?" என்று எழுதிவிடுவேன். பதில் எழுதாமல் மேடை கிடையாது.

ஏழாம் வகுப்பு முருகன், தன் சந்தில் தினமும் மூன்று மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று எழுதியிருந்தான்.

"யாருப்பா சொன்னா?"

"எங்கம்ம சொன்னா டீச்சர்."

"அம்மாதான் விடியுமுன்ன வேலைக்குப் போயிருவாங்களே. குழாயடில யாரு நின்னு பாத்தா?"

வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு ஐந்து நாள் குழாயடியில் நின்றான்.

"ஒன்னேகால் மணி நேரந்தான் டீச்சர். எங்கம்ம சும்மா அடிச்சு விட்டிருக்கா!"

மேடையில் "நானே நின்று பார்த்தேன்" என்றான். பரிசு, எந்த ஆதாரமும் இல்லாமல் முழங்கிய இன்னொரு பையனுக்குப் போனது.

"கைதட்டு பூராம் அவனுக்குத்தான டீச்சர்..."

"உண்மைக்குக் கொஞ்சம் லேட்டாத்தான்பா தட்டுவாங்க" என்று சமாதானம் சொன்னேன்.

அதே முருகன் இன்று தாராவியின் லேபர் கேம்ப் பகுதி விழாக்களில் பெயர் பெற்ற பேச்சாளர். போன பொங்கல் விழாவில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"சுகர் மாத்திரையத் தூக்கிப் போடுங்க! இந்தக் கஷாயம் போதும்! வெளிநாட்டு டாக்டரே சொல்லிட்டாரு!"

விசில் பறந்தது. எந்த டாக்டர் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் வளர்த்த பிள்ளை என்ற பூரிப்பு... நானும் எழுந்து நின்று தட்டினேன். பக்கத்து நாற்காலியில் என் அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள்.

அவள் அன்றே தன் சுகர் மாத்திரையை நிறுத்தியது எனக்குத் தெரியாது. சில மாதங்களில் காலில் புண். பிறகு ஆஸ்பத்திரியில் வலது பாதத்தையே எடுத்துவிட்டார்கள்.

முருகனுக்கு போன் செய்தேன். "யாருப்பா சொன்னா?"



"வாட்ஸப் குரூப்ல வந்துச்சு டீச்சர்..."

ஒரு குழாய்க்கு ஐந்து நாள் நின்று பார்த்த பிள்ளை. நிற்க வைத்த டீச்சர். இருவருமே இந்த முறை ஒரு நிமிஷம்கூட நின்று பார்க்கவில்லை.

நேற்று பேச்சியம்மாளைப் பார்க்கப் போனேன். கால்மாட்டில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"அவன் சொன்னத நான் நம்பல டீச்சர். நீங்க எந்திச்சு கை தட்டுனியள்லா... அதான் நம்புனேன்."

கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.