காளவாய்க்குப் போன சிவப்புப் பாசி

அரியலூரில் அறை எடுத்துத் தங்கிக் கல்லாகிப்போன உயிர்களை நான் ஆராய்ந்த காலத்தில், ஊரே என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "டைனோசர் முட்டை கெடச்சுச்சா சார்?" பாசி தேடுகிறேன் என்றால் முகம் தொங்கிவிடும். குளத்தில் இல்லாத பாசியா என்பார்கள்.

என்னுடையது சிவப்புப் பாசி. அரியலூர் கடலாக இருந்தபோது, உடம்பில் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்து உருண்டைக் கல்லானது. அதன் மூதாதைகளோ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பெரிய காரியம் செய்தவை. தனித்தனியாகப் பிழைத்த செல்கள் ஒன்றுகூடி, நீ பாறையைப் பிடி, நான் வளர்கிறேன் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. எங்கள் தெருக்குழாயடியில் இன்னும் அந்த அளவுக்கு ஒற்றுமை வரவில்லை.

ஊருக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஒரு மூலையில் மட்டும் அந்த உருண்டைகள் கிடைத்தன. மையால் எண் எழுதி, சிமெண்டுச் சாக்கில் கட்டி, வீட்டுக்கார அக்காவின் கொட்டகையில் வைத்தேன். திருச்சிக்குக் கொண்டுபோய் மெல்லிசாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். என் பட்டமே அந்தச் சாக்கில்தான் இருந்தது. ஏனென்றால் அந்த மூலைக்கு அடுத்த வாரமே வெடி வைத்து, கல்லையெல்லாம் சிமெண்டு ஆலைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

குரும்பலூரில் அம்மாவைப் பார்த்துவிட்டு மார்கழிக் கடைசியில் திரும்பினேன். சாக்கைக் காணோம். பொங்கலுக்கு வெள்ளையடித்து வீடு பளிச்சென்றிருந்தது. காளவாயில் கல்லைக் கொடுத்துச் சுட்ட சுண்ணாம்பை வாங்கிவருவது அக்காவின் வழக்கம்.

"வாங்க தம்பி. வூட்டுக்குன்னு பாத்துப் பாத்து கல்லு பொறுக்கியாந்துட்டு ஒரு வார்த்த சொல்லலியே! என்னமோ மை அப்பியிருந்துச்சு, கழுவித்தான் காளவாயில குடுத்தேன். உங்க ரூமுக்கு ரெண்டு தடவ அடிச்சாச்சு."

 அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, "நல்லாருக்குங்கக்கா" என்றேன்.

பூத்திலிருந்து என் பேராசிரியருக்குப் போன் செய்து சொன்னேன். 

"சுவரு நல்லா வெள்ளையா இருக்கா?"

"இருக்குங்க சார்."

"அப்ப கல்லுல சுண்ணாம்பு இருந்தது உறுதி. உங்க ஆராய்ச்சியில இனிமே அது ஒண்ணுதான் நிரூபணம்."

இருவரும் சேர்ந்து சிரித்தோம். போனை வைத்த பிறகு, பூத்துக்காரர் பார்க்கிறார் என்பதுகூடத் தோன்றாமல் அழுதேன்.