புதனும் வியாழனும் வந்திருந்தான்

எனக்கு இன்னொருவன் குரலில் ‘எஸ் சார்’ சொல்ல வரும். கொஞ்சம் மூக்கில், கொஞ்சம் தாமதமாக, தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பியவன் மாதிரி. என் அறைத்தோழன் அப்படித்தான் சொல்வான். அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போகப்போகிற நேரத்தில், கடைசி பெஞ்சிலிருந்து அது வரும். ஒரு புதன்கிழமை காலை, தலையைக் குனிந்துகொண்டு, அவனுக்காக நான் அதைச் சொன்னேன். வியாழக்கிழமையும் சொன்னேன். ஆசிரியர் இரண்டு நாளும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வருகை போட்டார். அந்த இரண்டு நாளும் அவன் அநேகமாக உயிரோடு இல்லை.

பெயர் வேண்டாம். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை அண்ணாச்சி என்பான். இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான். என் அப்பா விருதுநகர்ப் பக்கமிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவர், எங்கள் வீட்டில் தெற்கத்திப் பேச்சு. நான் ‘வாரேன்’, ‘போறாக’ என்று வாயைத் திறந்தால் போதும், அதே இழுப்பில் திருப்பிச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைப்பான். அவன் கல்லாவி என்கிற ஊர்க்காரன். அறையில் தமிழ், டீக்கடையில் தெலுங்கு, பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் சண்டை என்றால் கன்னடம். மூன்று மொழியிலும் மணிக்கணக்கில் பேசுவான், ஒன்றில்கூடத் தன் அரியர்களைப் பற்றிப் பேசமாட்டான். நான்கு இருந்தன.

கிருஷ்ணகிரிப் பக்கம் நெடுஞ்சாலையோரம் எங்கள் கல்லூரி. ஐந்து நிமிட நடையில், மேலே தகரம் போட்ட ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஏப்ரலில் அந்த அறைக்குள் இருப்பதைவிட வகுப்பில் இருப்பது மேல் என்று அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான். மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. கத்திக் கத்திப் பேசிச் சிரித்த அந்த அறைபோல் ஒரு வீடு எனக்கு இன்றுவரை அமையவில்லை, இப்போது ஓசூரில் சொந்த வீடே இருக்கிறது என்றாலும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் ஊருக்குப் போவோம். முதல் தடவை அவன் அம்மா கேழ்வரகுக் களி போட்டார்கள். நான் சோறு மாதிரி மென்று மென்று தின்றேன். அவன் தட்டை வைத்துவிட்டுத் தரையில் உருண்டான். “அண்ணாச்சி, அது முழுங்குறதுடா. மென்னா நாளைக்கு வரைக்கும் மென்னுக்கிட்டே இருக்கணும்.” அவன் அக்காதான் ஒரு உருண்டையைக் குழம்பில் புரட்டி, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அக்கா போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அப்பா இல்லாத வீடு. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமானாலும், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றபடியே எங்களுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுப்பார். “ரெண்டு பேரும் ஒழுங்கா கிளாசுக்குப் போங்கப்பா” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கைம்மாறு.

நாங்கள் ஒழுங்காகப் போனோம், ஆளுக்குப் பாதி நாள். மீதிப் பாதிக்கு ப்ராக்ஸி இருந்தது. எங்கள் செட்டில் அது ஒரு முறையாகவே நடந்தது. யாருக்கு யார் குரல் கொடுப்பது என்று முதல் வருடமே பிரித்துக்கொண்டோம். அவனுக்கு நான், எனக்கு அவன். வீட்டிலிருந்து போன் வந்தாலும் அதே ஆள்தான் சமாளிக்க வேண்டும். இதில் ஒரு விதி உண்டு. குரல் கொடுக்கிறவன் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் அவனுக்கும் வாத்தியாருக்கும் என்ன வித்தியாசம் என்போம். அந்த விதி எங்களுக்கு அவ்வளவு பெருமை. இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, “ரெண்டு நாள் போட்டுடு அண்ணாச்சி” என்றான். நான் படுத்துக்கொண்டு மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை.

புதன்கிழமை மதியம் அக்கா எனக்குப் போன் செய்தார். “தம்பி, அவன் போனு ஆப்ல இருக்குது. காலேஜுக்கு வந்திருக்கிறானா?” அவன் போன் பேட்டரி உப்பிப்போன பழைய போன், பாதி நாள் அணைந்துதான் கிடக்கும். நான் கொஞ்சமும் யோசிக்காமல், “வந்திருக்கான்க்கா, உள்ள கிளாஸ்ல இருக்கான்” என்றேன். “அப்பாடா. சரி, நான் ஷிப்ட்டுக்குக் கிளம்புறேன்” என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமையும் அவன் வரவில்லை. மதியத்துக்கு மேல் அவன் போனுக்கு நான்கைந்து தடவை அடித்துப் பார்த்தேன், அணைந்தே கிடந்தது. அக்காவைக் கூப்பிட்டு, நேற்று சாயங்காலம் வெளியே போனவன் இன்னும் திரும்பவில்லை என்றேன். முந்தைய பொய்க்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன், அவ்வளவு கெட்டிக்காரன் நான். சனிக்கிழமை காலை, பர்கூர் போகிற வழியில் கைவிட்ட கிரானைட் குவாரி ஒன்றில் தேங்கிய தண்ணீரில் அவனைக் கண்டார்கள். செருப்பு கரையில், ஜோடி பிரியாமல் இருந்தது.

அதன்பிறகு வந்த கேள்விகள் எதற்கும் பதில் கிடைக்கவில்லை. கிணற்றில் நீந்தி வளர்ந்தவன் எப்படி மூழ்குவான்? தவறி விழுந்தவன் செருப்பைக் கழற்றி வைப்பானா? குளிக்க இறங்கினான் என்றால் துண்டு எங்கே? வியாழன் சாயங்காலம் யாரோடு போனான்? போலீஸ்காரர்கள் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்து வியாழனிலிருந்தே விசாரித்தார்கள். குவாரிப் பாதையில் டீக்கடை வைத்திருந்தவர் செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது அவன் தனியாக நடந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னார். “புதன், வியாழன் ரெண்டு நாளும் கிளாஸ்ல இருந்திருக்கான், நீங்க வேற யாரையோ பார்த்திருப்பீங்க” என்று அவரை அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அவர் என்னைத் தாண்டித்தான் வெளியே போனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வயது. கல்லூரியை விட்டு நிறுத்திவிடுவார்கள், போலீஸ் என்னையே பிடித்துக்கொள்ளும் என்ற பயம். பயம் என்பது காரணம்தான், மன்னிப்பு இல்லை.

யாரும் ஒன்றும் முடிவாகச் சொல்லாததால் ஊரே முடிவு கட்டிவிட்டது. அரியர் வைத்த பையன், மனம் உடைந்து தானாகவே போய்விட்டான் என்று. அக்காவும் அதைத்தான் நம்பினார், ஆனால் வேறு காரணத்துக்காக. முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் அவனைத் திட்டியிருந்தார். அதை என்னிடம் பல தடவை சொல்லி அழுதிருக்கிறார். “படிக்கலைன்னா இந்த வீட்டுப் பக்கம் வராதன்னுட்டேன் தம்பி. நான்தான் அவனைத் தள்ளிவிட்டேன்.”

பதினோரு வருடமாக அவன் திதிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். காக்கைக்கு வைத்த பிறகு முதல் இலை எனக்குத்தான். வந்திருக்கிற சொந்தக்காரர்களிடம், “எந்தம்பியைக் கடைசியா உசுரோட பார்த்தவன்” என்று அக்கா என்னைக் காட்டுவார். ஒரு வருடம், “புதன்கிழமை என்ன சட்டை போட்டிருந்தான் தம்பி?” என்று கேட்டார். நீலம் என்றேன். அவர் அந்த நீலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அவன் உயிரோடு இருந்த இரண்டு நாளை அவரிடமிருந்து பிடுங்குகிற மாதிரி ஆகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இந்த வருடம் போனபோது அக்காவின் மகள் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நான்காம் வகுப்பு. கணக்கில் மிக மோசமான மதிப்பெண், அதிலும் அம்மாவின் கையெழுத்தைத் தானே போட முயன்று பாதியில் அடித்துவிட்டிருந்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு மடித்து மகளிடமே கொடுத்தார். “பரவாயில்ல கண்ணு, போய் விளையாடு” என்றார். மகள் போனதும் என்னிடம், “ஒரு வார்த்தை அதட்ட முடியல தம்பி. வாயத் தொறந்தாவே பயமா இருக்குது. இதுவும் ஏதாச்சும் பண்ணிக்கிச்சுன்னா?” என்றார். அதற்கு மேல் என்னால் அந்த இலையில் கை வைக்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். புதன்கிழமை அவன் வகுப்பில் இல்லை, வியாழனும் இல்லை, நீலச் சட்டை பொய், டீக்கடைக்காரர் சொன்னதுதான் சரி. செவ்வாய்க்கிழமை போனவனை அதன்பிறகு நான் பார்க்கவே இல்லை. திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேள்விதான் கேட்டார்.

“போறப்ப என்ன சொன்னான்?”

“ரெண்டு நாள் போட்டுடுன்னான்க்கா.”

“அவ்வளவுதானா?”

இல்லை. வாசல்வரை போனவன் திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னான். ஒன்றுக்கும் உதவாத பேச்சு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. “வெள்ளிக்கிழமை லேபுக்கு வந்துருவேன்னான். ரெக்கார்டு நோட்டுல நீ படம் வரையாத, இந்தத் தடவை நானே வரையுறேன், அக்கா திட்டுதுன்னான்.”

அக்கா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை வர்றேன்னானா?”

“ஆமாக்கா.”

“அவனே வரையுறேன்னானா?”

“ஆமாக்கா.”

“பதினோரு வருசமாடா?” என்றார். என்னை அவர் ‘டா’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “பதினோரு வருசமா இதை வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு, என் கையால சோறு தின்னுட்டுப் போனியாடா?”

அவன் ஏன் குவாரிக்குப் போனான், இரண்டு நாளில் எங்கே போவதாக இருந்தான், தண்ணீரில் என்ன நடந்தது என்பதெல்லாம் இன்றும் எனக்குத் தெரியாது. அக்காவுக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு பதில், அவருக்கு எதிரே உட்கார்ந்து வருடா வருடம் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். இப்போது அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. என்னை அம்மா பக்கத்தில் உட்காரவைத்து, “அம்மாவுக்குக் கேக்குற மாதிரி சத்தமா சொல்லு” என்றார். நான் மறுபடியும் செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கினேன், அந்தத் தகர அறையில் மழை நாளில் பேசுவதுபோலக் கத்தி. முடித்ததும் அம்மா என் முழங்காலில் கை வைத்து, “அப்ப எம்புள்ள வர்றதாத்தான் இருந்தானா சாமி?” என்று கேட்டார்கள்.

“ஆமாம்மா” என்றேன். “வர்றதாத்தான் இருந்தான்.”