நத்தையோடு நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

“உங்க சித்தி ஓட வந்தாங்களா, இல்ல எழுத வந்தாங்களா?”

மாரத்தான் பாதையின் முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் போனில் என்னைக் கேட்டார்.

சித்தி நத்தைகளை ஆராய்பவர். ஒரு நத்தை என்ன வேகத்தில் நகர்கிறது, ஈரம் குறைந்தால் எப்படிச் சுணங்குகிறது என்று ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ ஓடுறதப் பாத்தா, நத்தைதான் இவளை ஆராய்ச்சி பண்ணியிருக்கணும்,” என்பார் சித்தப்பா.

போன வருடம் இதே மாரத்தானை ஆறு மணி நேரக் கெடுவுக்குள் முடிக்க முடியாமல் அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இந்த வருடம் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் திங்கட்கிழமை. “ரெண்டுல ஒண்ணைக் கோட்டை விடப் போறீங்கம்மா,” என்றார் அவருடைய பேராசிரியர். சித்திக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

மாதம் ஒரு ஊரில் கருத்தரங்கு. போன இடத்திலெல்லாம் ஓடினார். ஒரு விடுதியில் ஐந்தாம் மாடி நடைவழியிலேயே நாற்பது முறை போய்வந்தார். வெளியே யாரோ யாரையோ துரத்துகிறார்கள் என்று ஓர் அறைக்காரர் கீழே போன் போட்டுச் சொன்னாராம்.

படிக்க நேரமில்லாததால் ஆய்வேட்டைப் பக்க எண்கூட விடாமல் தன் குரலிலேயே பதிவு செய்து, ஓடும்போது கேட்பார். பிழை காதில் பட்டால் அங்கேயே நின்று எழுதிவிட வேண்டும். ஒருமுறை விமான நிலையத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அப்புறம் எழுதலாம் என்று விட்டு, இருக்கையில் உட்காருவதற்குள் மறந்துபோனார். அதைத் தேட மூன்று நாள் ஆனது. அன்று முதல் கொண்டையில் ஒரு துண்டுப் பென்சில் செருகியிருப்பார்.

பள்ளிப் படிப்பு முடிந்து, சேர்ந்த படிப்பையும் இரண்டே மாதத்தில் விட்டுவிட்டு வீட்டில் சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பெட்டி தூக்க அழைத்துப் போனார். ஓட்டத்தன்று நான் பெட்டியோடு முடிவுக் கோட்டருகே நின்றேன். அவசரத்தில் சித்தி கொண்டையில் செருக மறந்த பென்சில் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் சித்தி காதில் ஒரு பிழை பட்டது. அவர் போன் வியர்வையில் நனைந்து, தொட்டால் அசையவில்லை. தண்ணீர் மேசையில் பேனாவும் இல்லை. அவர் மார்பில் குத்தியிருந்த எண் அட்டையின் பின்னால் அவசரத்துக்கு என்று என் எண்ணை எழுதியிருந்தார். தண்ணீர்க்காரர் அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

சித்தி போனை வாங்கினார். “நாலாவது அத்தியாயம், பதினோராம் பக்கம். நத்தை நிமிஷத்துக்கு மூணரை மீட்டர்னு இருக்கு. மணிக்கு மூணரை. எழுதிக்கிட்டியா?”

“சீட்டுல எழுதிட்டேன் சித்தி, ஓடுங்க.”

“படிச்சுக் காட்டு.”

“சித்தி, நேரம் போகுது.”

“படிச்சுக் காட்டுடா.”

படித்தேன். “அத்தியாயம் நாலுன்னு சொன்னியா?” என்று கேட்டு இன்னொரு முறையும் படிக்க வைத்தார். மொத்தம் இரண்டு நிமிடம். கடைசி வளைவில் அவர் தலை தெரிந்தபோது கடிகாரத்தில் ஆறு மணி நேரம் முடிந்துவிட்டது. அவர் கோட்டைத் தாண்டியது ஒரு நிமிடம் நாற்பது வினாடி கழித்து. பதக்கங்கள் இருந்த பெட்டியை மூடிவிட்டார்கள்.

சித்தி தரையில் உட்கார்ந்தார். “சீட்டு எங்க?” என்றுதான் முதலில் கேட்டார். வாங்கிப் பார்த்து, மடித்து, பதக்கம் தொங்க வேண்டிய இடத்தில் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. வியர்வை என்றார்.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க நானும் கூடப் போனேன். பேராசிரியர் புரட்டிக்கொண்டே, “எதைக் கோட்டை விட்டீங்க?” என்றார்.

“ரெண்டு நிமிஷம் சார்.”

அடுத்த வருட ஓட்டத்துக்கு அன்றே பெயர் கொடுத்துவிட்டார். இப்போது எனக்கும் ஒரு துண்டுப் பென்சில் வாங்கித் தந்திருக்கிறார். நான் வேறொரு படிப்புக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது சொல்லுங்கள். சொல்லும்போது தயவுசெய்து மணிக்கு மூன்றரை மீட்டர் என்றே சொல்லுங்கள். தப்பாகச் சொன்னது சித்தி காதுக்குப் போனால், ஓடுகிறவர் நின்றுவிடுவார்.