காட்டு ஆளுக்கு ஒரு முகம்

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், காட்டில் செத்துக் கிடந்த ஒருவருக்கு எங்கள் வீடே கூடி உட்கார்ந்து மூக்கு தேடியது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது டீச்சர் என்னை வாயைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.

எங்கள் வீடு கம்பத்தில் இருந்தது. அப்பா திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தார். வீட்டின் முன்னறைதான் அவருடைய ஃபிளக்ஸ் கடை. காதுகுத்து, சடங்கு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் யாருக்கு எது நடந்தாலும் அவர்களுடைய முகம் சித்தப்பாவின் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டுத்தான் கடைத்தெருவுக்கு வரும். போன முகம் அப்படியே திரும்பி வந்ததில்லை. கறுப்பானவர்கள் வெளுத்தார்கள். வழுக்கையில் முடி முளைத்தது. செத்தவர்கள் வயது குறைந்து சிரித்தார்கள். யாரும் குறை சொன்னதில்லை என்பதால் சித்தப்பாவுக்குத் தன் கைத்திறமை மேல் பெரிய நம்பிக்கை.

ஒரு நாள் காலையில் ஏட்டையா கடைக்கு வந்தார். மலையடிவாரக் காட்டுக்குள் விறகு பொறுக்கப் போனவர்கள் ஓர் ஆளைக் கண்டிருக்கிறார்கள். இறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. அடி, காயம் எதுவும் இல்லை, தானாக வந்த சாவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆள் யாரென்றுதான் தெரியவில்லை. ஃபோன் இல்லை, அட்டை இல்லை, தேடி வந்தவர்களும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒட்டுவதற்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். வயது சுமார் ஐம்பது, மாநிறம், நடுத்தர உயரம், கட்டம் போட்ட கைலி.

சித்தப்பா தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் அப்பா கட்டம் போட்ட கைலியோடு பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன ஏட்டையா, எங்க அண்ணனையா தேடுறீக?”

அப்பா உள்ளே போய் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். இந்த விவகாரம் முடியும்வரை அவர் கைலியைத் தொடவில்லை.

“இந்த அடையாளத்துக்குக் கம்பத்துல பாதிப் பேரு இருக்காக. முகம் இல்லையா?” என்று சித்தப்பா கேட்டார்.

ஏட்டையா தயங்கித் தயங்கித் தன் ஃபோனைக் காட்டினார். என்னை அந்தப் பக்கம் வரவிடவில்லை. சித்தப்பா பார்த்தார். ஃபோனைக் கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தார். “இத ஒட்ட முடியாதுல்ல. யாரும் வரலைன்னா முனிசிபாலிட்டிய வச்சுப் புதைச்சிருவோம். எம்புட்டு நாளைக்கு வச்சிருக்க முடியும்?” என்றார் ஏட்டையா.

அன்று மத்தியானம் சித்தப்பா சாப்பிடவில்லை. சாயங்காலம் அம்மா காப்பி கொண்டுபோனபோது, “மதினி, பேரில்லாம ஒரு ஆளப் புதைக்கிறதுன்னா என்ன அர்த்தம்? முகத்த நான் போட்டுத் தாரேன்னு சொல்லிட்டேன்” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஏட்டையா கொடுத்த படத்திலிருந்து தலையின் அளவையும் நெற்றியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சித்தப்பா மறைத்துவிட்டார். மற்ற உறுப்புகளை அவரிடம் இருந்த பழைய ஃபிளக்ஸ்களிலிருந்து எடுத்துப் பொருத்துவதாகத் திட்டம். ஊர்க்காரர்களின் முகங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் கிடந்தன. பஞ்சமே இல்லை. அதனாலேயே வேலை இழுத்தது. மூக்கு மட்டும் மூன்று நாள் ஓடியது. ஒரு காதுகுத்தில் வந்த தாய்மாமன் மூக்கை அம்மா எடுப்பாக இருக்கிறது என்றாள். அது பணக்கார மூக்கு, காட்டுக்குள் தனியாகப் போகிற ஆளுக்கு அது இருக்காது என்று சித்தப்பா மறுத்தார். செத்தவனுக்கு எதற்குடா இத்தனை அலங்காரம் என்று தலையில் அடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போன அப்பா, மறுநாள் காலையில் தானாக வந்து நின்று, “காது சின்னதா இருக்குடா” என்றார். மீசை என் பொறுப்பு. இருந்ததிலேயே அடர்த்தியானதைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணுக்குத்தான் கஷ்டப்பட்டோம். கடைசியில் ஒரு பேக்கரிக்காரரின் பிறந்தநாள் ஃபிளக்ஸிலிருந்து கண்கள் கிடைத்தன. சாந்தமான கண்கள்.

எல்லாம் சேர்ந்ததும் அம்மா எட்ட நின்று பார்த்தாள்.

“என்ன தம்பி, செத்தவரு மாதிரியா இருக்காரு? பொண்ணு பாக்க வந்தவரு மாதிரில்ல இருக்காரு.”

உண்மைதான். பழக்க தோஷத்தில் சித்தப்பா அவரை வெளுக்க வைத்திருந்தார். தலைக்குப் பின்னால் ஓர் அருவிகூட விழுந்துகொண்டிருந்தது. அருவியை எடுத்தார். நிறத்தைக் கொஞ்சம் குறைத்தார். ‘இவரைத் தெரியுமா?’ என்று மேலே பெரிய எழுத்தில் போட்டு, கீழே தன் ஃபோன் நம்பரைக் கொடுத்தார். இறந்துவிட்டார் என்று போட்டால் பார்க்கிறவர்கள் மனம் சங்கடப்படும் என்று அதை விட்டுவிட்டார். போஸ்டர் பஸ் ஸ்டாண்டில் ஏறியது. வாட்ஸ்அப்பிலும் போனது. வாட்ஸ்அப் அப்போதுதான் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. வருகிற எதையும் மற்றவர்களுக்கு அனுப்பிவிடுவதைக் கடமையாக நினைத்த காலம்.

ஃபோன் ஓயவில்லை. ஒருவர், இவர் எந்த வார்டில் நிற்கிறார் என்று கேட்டார். ஒரு கல்யாணத் தரகர், மாப்பிள்ளைக்கு என்ன நட்சத்திரம், இரண்டாம் தாரமா என்று விசாரித்தார். சின்னமனூரிலிருந்து ஒரு பாட்டி பேசினாள். ஆளைத் தெரியாதாம், ஆனால் மூக்கைத் தெரியுமாம். சித்தப்பா ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னார். விளக்கத்தின் பாதியிலேயே பெரும்பாலானவர்கள் வைத்துவிட்டார்கள். மீதிப்பேர், செத்தவர் என்று தெரிந்ததும் அந்தச் செய்தியையும் சேர்த்து இன்னொரு முறை ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

அதற்கு அடுத்த நாள் பேக்கரிக்காரர் வந்தார். கையில் மாவு, முகத்தில் கோபம். பின்னால் அவர் மனைவி.

“ஏலே, என்னையப் பாத்தா செத்தவன் மாதிரியா இருக்கு? ராயப்பன்பட்டிலருந்து எங்க அக்கா வேன் புடிச்சு ஆள்களக் கூட்டிட்டு வந்துருச்சு. கடைக்கு முன்னாடி மாரடிச்சு அழுகுது. நான் உள்ள மிக்சர் நிறுத்துக்கிட்டு இருக்கேன்!”

“நீங்க உசுரோட இருக்கீகன்னு அக்காவுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல அண்ணே?”

“தெரிஞ்சு என்ன செய்ய? வந்த ஆள்களுக்கெல்லாம் டீயும் பன்னும் குடுத்து அனுப்பிட்டு வாரேன்.”

சித்தப்பா அவரை உட்காரவைத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தாடை வேறு ஒருவருடையது, காது வேறு ஒருவருடையது, மீசை பாப்பா தேர்ந்தெடுத்தது, கண் மட்டும்தான் உங்களுடையது என்றார். பேக்கரிக்காரர் உற்றுப் பார்த்தார். அவர் மனைவியும் குனிந்து பார்த்தாள்.

“மூஞ்சியிலயே அதுதான் நல்லாருக்கு” என்றாள் அவள்.

அதில் அவருக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. “எது எப்படியோ, என் கண்ணத் திருப்பிக் குடுத்துரு.”

கொடுத்தாக வேண்டியிருந்தது. வேறு கண்ணைத் தேடினால் இன்னொருவர் வருவார் என்று பயந்து, சித்தப்பா அந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். அடர்ந்த மீசையும் கறுப்புக் கண்ணாடியுமாக அந்தக் காட்டு ஆள் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒரு பொழுதுதான் இருந்தார். ஏட்டையா போஸ்டரைக் கிழித்துக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

“காட்டுக்குள்ள செத்துக் கெடந்தவனுக்குக் கூலிங் கிளாஸாப்பா? இன்ஸ்பெக்டரு என்னையக் கேக்குறாக, யாருய்யா இவன், கொள்ளக்கூட்டத் தலைவனான்னு!”

சித்தப்பா தலைகுனிந்து நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஏட்டையாவுக்கே பாவமாகப் போய்விட்டது. முகம் வேண்டாம், ஆள் போட்டிருந்ததை வேண்டுமானால் போட்டுக்கொள் என்று அவரே யோசனை சொன்னார். ஸ்டேஷனுக்குப் போய்ச் சித்தப்பா படம் எடுத்து வந்தார். ஒரு சட்டை, ஒரு கைலி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒரு செருப்பில் வார் அறுந்து, செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. இம்முறை சித்தப்பா எதையும் வெளுக்க வைக்கவில்லை. எதையும் சேர்க்கவில்லை.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஃபோனும் அதிகம் வரவில்லை. ஒரு பெண் மட்டும் நேரில் வந்தாள்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிராமம். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். பஸ் மாறி மாறி வந்து, வழி கேட்டு எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். அவளுடைய கணவர் கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போனவர். போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. ஒரு தகவலும் இல்லை. வருகிற சேதிகளுக்கெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறாள். மூணாறு போயிருக்கிறாள், குமுளி போயிருக்கிறாள். வைகை அணையில் ஒருவர் மிதந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறாள்.

“அவுகளும் இப்படித்தான் அறுந்த செருப்பக் கம்பியப் போட்டுக் கட்டுவாக” என்று அம்மாவிடம் சொன்னாள்.

சித்தப்பா அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கையில் வாங்கிய உடனேயே அவள் சொல்லிவிட்டாளாம், இது அவர் இல்லை, அவர் பாதம் பெரியது, இதில் நுழையாது என்று. ஏட்டையா எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை அடக்கம் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

அம்மா சோறு போட்டாள். அந்த அம்மாள் நன்றாகச் சாப்பிட்டாள். என் ஜடையைப் பிரித்து இறுக்கமாகப் பின்னிவிட்டாள். கிளம்புவாள் என்று நினைத்தோம். அவளோ, “நாளைக்கு இருந்து போகட்டுமா தாயி?” என்று கேட்டாள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

காலையில் சித்தப்பா ஒரு ஆம்னி வேன் எடுத்தார். எனக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் தனியே விட முடியாது என்று அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டாள். இடுகாட்டு வாசலில் வேன் நின்றது. நானும் அம்மாவும் வண்டிக்குள்ளேயே இருந்தோம். கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. வெள்ளைத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். ஏட்டையா, முனிசிபாலிட்டி ஆட்கள், சித்தப்பா. அவர்கள் நடுவே அந்த அம்மாள் முந்தானையில் முடிந்திருந்த அரிசியோடு போய் நின்றாள். அரிசி எங்கள் வீட்டு அரிசி. கேட்காமலே அம்மா அளந்து கொடுத்தது.

“நீதானம்மா இல்லைன்னு எழுதிக் குடுத்த?” என்றார் ஏட்டையா.

“இல்லதான் சார். அவுக இல்ல.” அவள் குரல் தெளிவாக இருந்தது. “அவுக எங்கன கெடந்தாகளோ. அங்கன எவளாச்சும் ஒருத்தி ஒரு பிடி அரிசி போட்டிருப்பால்ல? நான் இவுகளுக்குப் போடுறேன்.”

ஏட்டையா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவள் முகத் துணியின் மேல் அரிசியைப் போட்டாள். மூன்று முறை. சித்தப்பாதான் அழுதார். ஒரு வாரமாக அந்த முகத்தோடு குடும்பம் நடத்தியவர் அவர்தானே. அந்த மனிதர் யாரென்று இன்றுவரை தெரியாது.

எல்லாம் முடிந்ததும் அவள் வாசல் குழாயடியில் நின்று வெகுநேரம் முகம் கழுவினாள். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வேனில் என் எதிரே உட்கார்ந்தாள். நேற்று வரும்போது அவள் நெற்றியில் ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம் இருந்தது. இப்போது வெறும் நெற்றி. உபகாரமாக இருக்கட்டும் என்று நான், “பெரியம்மா, பொட்டு அழிஞ்சுபோச்சு” என்று சொல்லி, என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நீட்டினேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். சும்மா இல்லை, சதையைத் திருகி.

“பிள்ளைய ஏன் தாயி கிள்ளுறீக?” என்றாள் அந்த அம்மாள். பொட்டை வாங்கி என் நெற்றியிலேயே திரும்ப ஒட்டிவிட்டாள். “இருக்கட்டும் ஆத்தா. ஒனக்கு அழகா இருக்கு.”

அவளை ஆண்டிபட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் அழுதேன். தொடை எரிந்தது. அதைவிட, நியாயம் என் பக்கம் இருந்தது. அது அவளுடைய புருஷன் இல்லை. அவளே சொன்னாள், எழுதியும் கொடுத்தாள், ஏட்டையாகூட ஒப்புக்கொண்டார். அப்புறம் பொட்டு வைத்துக்கொள்வதற்கு அவளுக்கு என்ன? இதை நான் அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதிலே சொல்லாமல் வந்தாள். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.