மருதாயி மதினியின் அடுப்படிச் சுவர்

என் மதினி மருதாயியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். பிறகு, "அதுவா? சுவத்துல கிறுக்கிக்கிட்டு இருக்குமே, அதுதான?" என்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் யார் வீட்டுச் சுவரிலும் கிறுக்கவில்லை. தன் வீட்டு அடுப்படியில், தானே மண் குழைத்துப் பூசிய சுவரில், தன் வேலையெல்லாம் முடிந்த நேரத்தில் வரைந்தாள். அதில் எவனுக்கு என்ன குறைந்துபோனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். என் பங்கும் அதில் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை.

மதினி நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். பாறையைப் பிளப்பதற்கு முன் அவள் அப்பன் காவிக்கல்லால் கோடு போட்டுக்கொள்வாராம். அந்தக் காவித் துண்டைத் திருடிக்கொண்டுபோய் வீட்டுச் சுவரில் ஆட்டுக்குட்டி வரைந்து முதுகில் அடி வாங்கியதைப் பெருமையாகச் சொல்வாள். 1934இல் என் அண்ணன் மூக்கனுக்கு வாக்கப்பட்டு, அன்னவாசலுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊருக்கு வந்தாள். எங்களுக்குத் தாய் தகப்பன் கிடையாது. ஒரே வளவுக்குள் ஒரு வீட்டில் அண்ணனும் மதினியும், அடுத்த வீட்டில் நானும் என் மனைவி பிரகதாம்பாளும். நான் அன்னவாசலில் சின்ன வகுப்பு வாத்தியார். மதினிக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் ஊர் பேசியது, அந்தப் பேச்சை நான் எழுதப்போவதில்லை.

அவள் வரைகிற சாமான் எல்லாம் வீட்டிலேயே கிடைப்பவை. அடுப்புக்கரி, காவிக்கல், சுண்ணாம்பு, மஞ்சள், அவரை இலையைக் கசக்கிய சாறு. ஒட்டுவதற்குக் கருவேலம்பிசின். வேப்பங்குச்சியின் நுனியைக் கடித்து நைத்துக்கொண்டால் அதுதான் தூரிகை. காலையில் கடலைக்காட்டில் களை. மதியம் கஞ்சி குடித்து, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தபின், மற்றப் பெண்கள் கொஞ்சம் தலைசாய்க்கிற நேரத்தில் இவள் சுவருக்கு முன்னால் குந்திவிடுவாள். மயிலும் தாமரையும் போடமாட்டாள். "அதத்தான் எல்லாரும் போடுறாகளே" என்பாள். அன்றைக்குக் கண்ணில் பட்டதுதான் படம். கூரை ஓலையைத் தின்ன எம்பி நிற்கிற வெள்ளாடு. சித்தன்னவாசல் குகையைப் பார்க்க வந்து, வெயில் தாங்காமல் தொப்பியால் விசிறிக்கொண்டு நிற்கிற துரை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு வந்த பஸ் மேட்டில் ஏறாமல் நிற்க, அதை இறங்கித் தள்ளுகிற பட்டு வேட்டிக்காரர். கோழியைத் துரத்தப்போய்ச் சேலை தடுக்கி விழுந்த என் மனைவி.

பாதி வரையும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். தனியாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். எங்கள் வீட்டுக்கு அந்தச் சத்தம் கேட்கும். "இன்னைக்கி யாரு மாட்டுனாகளோ" என்று பிரகதாம்பாள் எழுந்து ஓடுவாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் சிரிப்பும் கேட்கும். வெயிலும் புழுதியுமாகப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும்போது அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்குப் பாதிக் களைப்பு போய்விடும்.

அண்ணன் 1938இல் மலாய்க்குப் போனார். ரப்பர் தோட்டத்தில் வேலை. மாதம் ஒரு கடிதம் வரும். நான் படித்துக் காட்டுவேன், மதினி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்பாள். 1941 கார்த்திகையோடு அது நின்றது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான் என்று பேப்பரில் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் தபால்காரரைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. மதினியும் பார்த்தாள். பார்த்துவிட்டு, காட்டுக்குப் போய் வந்து, மதியம் வரைந்தாள்.

அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. அவள் நாள் முழுக்க மூலையில் முடங்கிக் கிடந்திருந்தால் தலைக்கு ஒரு கை சோறு கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். சிரித்தாள் பாருங்கள், அது குற்றம். "புருசன் இருக்கானா செத்தானான்னு தெரியல, இவளுக்கு பஸ்ஸும் ஆடும் கேக்குது" என்று கிணற்றடியில் அவள் காதுபடவே பேசினார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் சீட்டாடுகிறார்கள், கள்ளுக்கடையில் விழுந்து கிடக்கிறார்கள். அதையெல்லாம் ஒருத்தி கேட்டதில்லை. ஒரு பெண் தன் அடுப்படியில் கால் நாழிகை சந்தோஷமாக இருந்தால் ஊரே வேவு பார்க்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டைக் கேத வீடு என்போம். கேத வீட்டுக்கு அந்த வருஷம் பொங்கல் இல்லை, வாசலில் கோலம் இல்லை, சுவருக்கு வெள்ளையடிப்பும் இல்லை. 1944 பொங்கலுக்கு மதினி தன் வீட்டு வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அடுப்படியில் புதிதாகப் படம் எழுத ஆரம்பித்தாள். மறுநாளே எங்கள் பெரியப்பா மலையாண்டி பங்காளிகளோடு வந்துவிட்டார். ஊரில் நல்லது கெட்டதுக்கு முதல் நாற்காலி அவருக்குத்தான்.

"ரெண்டு வருசமா ஒரு தகவலும் இல்ல. இனிமே அவன் வருவான்னு நெனைக்கிறது சரியில்ல. காரியத்தப் பண்ணிப்புட்டு, இந்தப் புள்ளயும் ஒரு பக்கம் அடங்கி இருக்கட்டும். ஊரு சிரிக்குதப்பா" என்றார்.

"சேதி வரட்டும் மாமா" என்றாள் மதினி. வலது கையில் மஞ்சள் அப்பியிருந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வாத்தியார் அல்லவா, பேச்சு வந்துவிட்டது. "மதினி எதுக்கு வரையிதுன்னு நெனைக்கிறீங்க பெரியப்பா? அண்ணன் உசுரோட இருக்காகங்கிற நம்பிக்கையிலதான் வரையிது. அது கழுத்துல தாலி கெடக்குற மாதிரிதான் அந்தப் படமும். அண்ணன் இல்லன்னு சேதி வரட்டும், அன்னையிலேருந்து மதினி சுவத்துல ஒரு கோடு இழுக்காது. இதுக்கு நான் ஜவாப்தாரி!"

பங்காளிகள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். "வாத்தியாரு சொல்றதும் ஞாயந்தான். சேதி வர்ற மட்டும் பாப்போம்" என்று எழுந்து போனார்கள். மதினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலில் காய்ந்திருந்த மஞ்சளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். நன்றியில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இன்றைக்கு என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

அதன் பிறகு இரண்டு வருஷம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மதினியின் படத்தை எட்டிப் பார்க்கிற பெண்கள்கூட, "பாவம், புருசன நெனச்சே வரையிது" என்று மூக்கைச் சிந்தினார்கள். பஸ்ஸைத் தள்ளுகிற பட்டு வேட்டிக்காரரைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள்!

யுத்தம் முடிந்து, 1946 வைகாசியில் கப்பலில் திரும்பி வந்த ஐயனார் என்கிற ஆள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அண்ணனோடு ஒரே தோட்டத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோது இரண்டு பேரும் ஒன்றாகப் போயிருக்கிறார்கள். 43லேயே அண்ணன் காய்ச்சலில் இறந்துவிட்டார். "நான்தாம்மா குழி தோண்டுனேன்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மதினி அழுததை நான் விவரிக்க மாட்டேன். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. காரியம் முடிந்தது. செய்யவேண்டியதையெல்லாம் அவளுக்குச் செய்தார்கள். எனக்கு என் துக்கம். என்னைத் தூக்கி வளர்த்த அண்ணன் அவர்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மதினி வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்படிச் சுவருக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். கையில் கரி. தயிர்ச்சட்டிக்குள் தலையை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிற பூனையை வரைந்துகொண்டிருந்தாள். சட்டிக்கு வெளியே வால் மட்டும் விறைத்து நின்றது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வந்ததுதான் என்னை வெறிபிடிக்க வைத்தது.

"என்ன மதினி இது? அண்ணன் சேதி வந்து ரெண்டு மாசம் ஆகல, பூனை கேக்குதா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். கிணற்றடிப் பெண்கள் பேசியதையே நானும் பேசுகிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "ஊருக்கு முன்னால நான் சொன்னது என்னாகிறது? அவுக இல்லன்னா ஒரு கோடு இழுக்காதுன்னு சொன்னேனே!"

மதினி கரியைக் கீழே வைத்தாள். "நான் எப்ப தம்பி சொன்னேன், அவுகளுக்காக வரையிறேன்னு?" என்றாள்.

நான் வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"வாக்கப்படுறதுக்கு முன்னாடியும் வரைஞ்சேன். அவுக இருக்கையிலயும் வரைஞ்சேன். அவுகளுக்காக அழுதேன், இன்னமும் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. அது வேற தம்பி. இது எனக்குப் புடிச்சிருக்கு, வரையிறேன். இதுக்கு ஒரு காரணம் ஒங்களுக்கு எதுக்கு?"

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"எனக்காகப் பரிஞ்சு பேசுனீங்க. நாலு பேருக்கு முன்னால ஒங்களப் பொய்யாக்கச் சொல்றீங்களா?"

பதில் இல்லாதவனுக்குச் சத்தம்தான் மிச்சம். இன்னும் என்னென்னவோ கத்திவிட்டு வெளியே வந்தேன். நான் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் பெரியப்பா காதுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் பெரியப்பாவும் மூன்று பங்காளிகளும் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் செம்மண் குழைத்த வாளி. பெரியப்பா கோபப்படக்கூட இல்லை. அன்றைக்கு வாயடைத்து அனுப்பியவனை இன்றைக்கு வசமாகப் பிடித்த நிறைவு முகத்தில் தெரிந்தது.

"கேத வீட்டுக்குச் சுண்ணாம்பு ஆகாது. செம்மண் பூசலாம். நீதானப்பா ஜவாப்தாரி? வாத்தியாரு சொன்ன சொல்லக் காப்பாத்தணும்ல? நீயே பூசு" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாளியைத் தூக்கித் தெருவில் எறிந்திருக்கலாம். என்னை அவர்களால் என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் முடியாது. ஆனால் சொன்ன சொல் என்று ஒரு வீம்பு, ஊருக்கு முன்னால் பொய்யனாகிவிடக்கூடாது என்று ஒரு பயம். வாளியை வாங்கிக்கொண்டேன். உள்ளே போய், துணியைச் சேற்றில் முக்கி, முதலில் அந்தப் பூனை மேல் போட்டேன். சேறு கட்டிகட்டியாக வழிந்தது. பூனையின் வால் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அதன்மேல் அப்பினேன்.

மதினி கொல்லைப்பக்கமிருந்து வந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அப்படிப் பூசுனா காஞ்சதும் உதுந்துரும் தம்பி, குடுங்க" என்று என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். வெள்ளாடு, துரை, பஸ், பட்டு வேட்டிக்காரர், என் மனைவி எல்லாவற்றையும் அவளே பூசி மூடினாள். ஒரு இடம் விடவில்லை. அடுப்படி வாசலில் நின்ற பெரியப்பா, "அதுதான் குடும்பத்துப் புள்ளைக்கு அழகு" என்றார்.

பூசி முடித்ததும் மதினி துணியை வாளிக்குள் போட்டாள். கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு ஆள்காட்டி விரலை ஈர மண்ணில் வைத்து ஒரு கோடு இழுத்தாள். ஈர மண்ணில் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. கரியில் வராத வேகம் அதில் வந்தது. முதலில் ஒரு தொப்பை, அதன்மேல் மடித்துப் போட்ட துண்டு, தூக்கிய தாடை. பெரியப்பா. அவருக்குப் பின்னால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிற மூன்று பேர். யார் யார் என்று சொல்லவே வேண்டியதில்லை.

"இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று கத்திவிட்டுப் பெரியப்பா செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தெருவில் இறங்கினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். வாய்விட்டுச் சிரித்தேன். அவள் பக்கம் நின்று ஜெயித்துவிட்டது போலச் சிரித்தேன்.

மதினி நிறுத்தவில்லை. அந்த நாலு பேருக்கும் முன்னால் ஐந்தாவதாக ஒரு ஆளை வரைந்தாள். சட்டைப் பையில் பேனா. கையில் வாளி. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

வரைந்து முடித்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பழைய சிரிப்பேதான், குலுங்கிக் குலுங்கி. தோளெல்லாம் ஆடியது. கண்ணில் வந்த தண்ணீரை மண் கையாலேயே துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரியா வந்திருக்கா தம்பி?"

வாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"சரியாத்தான் இருக்கு மதினி" என்றேன்.