புகை போட்ட பந்தும் பாடாங் இறுதி ஆட்டமும்

எல்லாரும் சௌக்கியமா? மழை பிடித்துக்கொண்டதே, பிள்ளைகளுக்குச் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லையே? சரி, கொஞ்சம் உட்காருங்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் தங்கை மேரி எழுதுகிறாள். அடுத்த வருடம் பினாங்கு பாடாங் திடலில் லீக் இறுதி ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் சொல்கிறேன்.

நான் சூசை. சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவன். நேற்று சனிக்கிழமை நான் வந்தது ஆட்டம் பார்க்க மட்டும் இல்லை, ஒரு பழைய பந்தைக் கொண்டுவந்து சேர்க்க. அது விளங்க வேண்டுமென்றால் இந்த ஆட்டத்தின் வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்த லீக் இது. அப்போது கோப்பை வாங்க வழியில்லை, ஜெயித்தவர்களுக்குப் பந்தையே கொடுத்தார்கள். பிறகு கோப்பை வந்தது, ஆனால் பந்து வழக்கம் போகவில்லை. தோற்ற கட்சியின் கோல் கீப்பர் ஆடிய பந்தை இரண்டு கையாலும் ஜெயித்த கீப்பரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு வருடம் அதை வீட்டில் வைத்திருந்து அடுத்த இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவருவார். முதல் உதை அந்தப் பழைய பந்துக்குத்தான், அப்புறம்தான் புதுப் பந்து. இன்னொன்று, லீக் முழுக்க பூட்ஸ் போட்டவர்களும் அன்றைக்கு வெறுங்காலோடுதான் ஆட வேண்டும். பூட்ஸ் இல்லாதவன் குறைந்தவன் இல்லை என்று காட்டத்தானாம். யார் வைத்தார்களோ, அவர்கள் வயிறு குளிரட்டும்.

மேரியின் புருஷன் அந்தோணி துறைமுகக் கட்சியின் கோல் கீப்பர். போன வருடம் கடைசி நிமிடத்தில் பந்து அவர் காலுக்கு நடுவில் புகுந்து போனது. மனுஷன் பந்தை எதிர்க்கட்சி கீப்பரிடம் கொடுக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே பெர்ரி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். பரண்மேல் எறிந்துவிட்டு விடிந்ததும் போய்விட்டார்.

இந்த வருடமும் அதே இரண்டு கட்சிகள். ஆட்டத்துக்கு முன்னால் பந்தைக் கொடுத்தால்தான் கோலில் நிற்கலாம் என்று அந்தோணியின் கேப்டன் சொல்லிவிட்டார். இவரோ மேரியிடம், "இந்தத் தடவையும் தோத்தேன்னா விட்டுடுவேன்" என்றிருக்கிறார். பன்னிரண்டு வருடமாகக் கோலில் நிற்கிறவர். அது இல்லாமல் அவர் எப்படி இருப்பார் என்று மேரிக்குக் கவலை.

மேரி சொல்லியனுப்பி நான் பரணிலிருந்து இறக்கினால் பந்து சப்பளிந்து கிடந்தது. உள்ளே இருந்த ரப்பர் பையை எலி கடித்திருந்தது. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே? மரத்துப் பாலை ஊற்றி ஒட்டுப்போட்டேன். சீக்கிரம் காயட்டும் என்று ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகையில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். கொஞ்சம் அதிகமாகத்தான் ஊற்றிவிட்டேன் போல. பந்து ஒரு பக்கம் கனத்தது.

பகல் ஒன்றரைக்கு சுங்கை பாக்காப்பில் பஸ் ஏறினேன். பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய இருபது மைல், நாற்பது காசு. சிம்பாங் அம்பாட்டில் டயர் வெடித்து முக்கால் மணி நேரம் போனது. நான் பந்தை மடியில் வைத்துக்கொண்டு பதறுவதைப் பார்த்து டிரைவர் கேட்டார், "என்னாண்ணே, புள்ளயாட்டம் கட்டிப் புடிச்சிருக்கீங்க?" விஷயத்தைச் சொன்னேன். அவர் பஸ்ஸுக்குள் திரும்பி, "இனிமே எங்கயும் நிக்காதுலா, இறங்குறவங்க இப்பவே சொல்லுங்க!" என்று கத்தினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நடுவில் இறங்க வேண்டிய ஒரு அக்கா, "போங்க போங்க, நான் திரும்பி வந்துக்கிறேன்" என்றார். அந்த அக்கா பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பெர்ரி பத்துக் காசு, இருபது நிமிடம். நாலேகாலுக்குக் கரையில் அந்தோணி நின்றார். பாடாங் கால் மணி நடை. வழியெல்லாம் பந்தை அவர்தான் சுமந்தார்.

எதிர்க்கட்சி கீப்பர் காதர், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருப்பவர். கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தோணி போய் நின்றார். இரண்டு கையாலும் பந்தை நீட்டினார்.

"காதரண்ணே, போன வருசம் கொடுக்க வேண்டியது."

காதர் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். "என்னலா இது, கருவாடா? ஒரு வருசமா அடுப்பு மேலயா வச்சிருந்தே?"

"புகை போட்டது நான்தான் தம்பி" என்றேன்.

"நல்லதாப் போச்சு. தோத்தாலும் கொழம்பு வச்சுக்கலாம்!"

அந்தோணி சிரித்துவிட்டார். ஒரு வருடத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு முதல் உதை. காதர் கட்சிக் கேப்டன் நேராகத்தான் உதைத்தார். பந்து கனத்த பக்கமாகச் சாய்ந்து, வளைந்து, கடலைப் பார்த்து ஓடியது. "பந்து ஊருக்குப் போவுதுடா, பெர்ரிய நிறுத்து!" என்று யாரோ கத்த, திடலே சிரித்தது. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

புதுப் பந்தில் ஆட்டம் மும்முரம். அந்தோணி ஏழெட்டு உதையைப் பாய்ந்து பிடித்தார். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இடது மூலையில் ஒன்று, விரல் நுனியில் பட்டும் உள்ளே போய்விட்டது. ஒன்றுக்குச் சைபர். மறுபடியும் தோல்வி. பக்கத்தில் நின்ற மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் அந்தோணி பந்தைக் கையில் எடுத்தார். வேலிப் பக்கம், போன வருடம் ஓடிப்போன வழியை ஒரு தடவை பார்த்தார். பிறகு திடலின் முழு நீளத்துக்கும் நடந்துபோய்க் காதரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். காதர் அவரைக் கட்டிக்கொண்டு, "வூட்ல எல்லாரயும் கூட்டிக்கிட்டு கடைக்கு வா" என்றார். மீன் தலைக் கறியோடு இரண்டு கட்சியும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஆனால் அடுத்த வருடம் ஆடுவாரா என்று கேட்க எனக்கும் மேரிக்கும் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: நாலு மணிக்குள் போனால் கடற்கரைப் பக்கம் மர நிழலில் இடம் கிடைக்கும். ஆட்டம் முடிய ஆறே முக்கால் ஆகும், அதற்குமேல் எங்கள் பக்கம் பஸ் கிடையாது. நான் மேரி வீட்டில் தங்கிவிட்டேன், நீங்களும் தங்க ஒரு வீடு பார்த்து வையுங்கள். குடிக்கத் தண்ணீர்...

"மச்சான்! பேசினது போதும்லா, வாங்க! வேலிப் பக்கமா நின்னு பத்து உதை உதைங்க. இந்த எடது மூலைதான் எனக்கு வரமாட்டேங்குது!"

அந்தோணிதான், கொல்லையிலிருந்து. மேரி எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். இதோ வந்துட்டேன் மாப்பிள்ளே! நான் எங்கே விட்டேன், ஆங், குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் அந்தத் திடலில்